நீலக் கவுனின் முன்பக்கம்

கம்பெனியில் அவளுக்கு எஞ்சின் என்று பட்டப்பெயர். பட்டறை ஆட்கள் போடுகிற தடித்த கால்சட்டைகளுக்குப் பக்கத் தையல் ஓட்டுவது அவள் வேலை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தாளென்றால் மிதியிலிருந்து காலை எடுக்கமாட்டாள். அந்த மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி உண்டு. துணியின் ஓரத்தைக் கத்தி சீவிக்கொண்டே போகும், சீவிய ஓரத்தை நூல் சுற்றிக்கொண்டே வரும். வெட்டுவதும் தைப்பதும் ஒரே மூச்சு. துணியைக் கண்ணால் பார்ப்பதை அவள் விட்டு வருஷக்கணக்காகிறது. விரல் பார்த்துக்கொள்ளும். "எஞ்சினுக்கு யாராவது தண்ணி ஊத்துங்கடி, புகை வருது" என்று பக்கத்து மெஷின்காரிகள் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டில் அவள் அண்ணி. அப்படிக் கூப்பிட ஒருத்திதான் இருந்தாள், புருஷனின் தங்கை. தாய் தகப்பன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட பெண். மருந்துக் கடையில் பில் போடுகிறாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள்.

சின்னவளுக்கு ஒரு கிறுக்கு. லோலிட்டா உடுப்பு. ஜப்பான்காரப் பெண்கள் கிளப்பிவிட்ட மோஸ்தர். கூண்டு கவிழ்த்ததுபோல் உப்பி நிற்கும் கவுன், அதை உப்ப வைக்க உள்ளே வலைத்துணியில் அடுக்கடுக்காக ஒரு பாவாடை, கழுத்தை மூடிய சட்டை, முழங்கால்வரை ஏறும் காலுறை, தலையில் பெரிய ரிப்பன் முடிச்சு, மணிக்கட்டில் லேஸ் பட்டை. முழங்கால் தெரியக்கூடாது, தலைமுதல் செருப்புவரை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும். ஆம்பளை பார்க்கவென்று போடுவதில்லை, தங்களுக்காகவே போடுவது என்பார்கள். கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது என்று சின்னவள் தானே தைத்தாள். வேலை விட்டு வந்து, கை கழுவி, சாப்பிட்டும் சாப்பிடாமலும் தரையில் துணியை விரித்து உட்கார்ந்துவிடுவாள்.

"இந்த வயசுல பொம்மை மாதிரி உடுத்திட்டு எந்த அலமாரியில போய் உட்காரப் போறே?" என்பாள் அண்ணி.

"உங்க தலைமேலதான்" என்பாள் சின்னவள்.

"ஏறி உட்காரு, உட்காரு. முதுகு ஏற்கெனவே விட்டுப்போச்சு, தலையும் போகட்டும்."

புருஷன் சிரிப்பான். சரக்கு லாரி ஓட்டுகிறவன். "ரெண்டு பேரும் சண்டை போட்டா எனக்கு ரேடியோவே வேண்டாம்" என்பான். ஆனால் அண்ணியின் கேலியில் பாதிதான் கேலி. மீதி அடிவயிற்றிலிருந்து வந்தது. நாள் முழுக்கக் கண்டவனின் கால்சட்டையைத் தைத்துவிட்டு வந்தவளுக்கு, தனக்கென்று ஒரு ஜாக்கெட்கூட ஆசையாகத் தைத்துக்கொண்ட ஞாபகம் இல்லை. இவள் எப்படி இப்படி உட்கார்ந்து லேஸைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள்? யார் இவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது? இந்தக் கேள்வி தொண்டைவரை வரும். மென்று விழுங்கிவிட்டு, "பொம்மை" என்று மட்டும் சொல்வாள்.

சின்னவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி. பொத்தான், ரிப்பன், லேஸ் விற்கிற கடையில் நிற்கிற பெண். கடைச் சரக்கின் பெயரையே அவளுக்கு வைத்து 'பொத்தான்' என்று கூப்பிடுவாள். ஆளும் பொத்தான் மாதிரிதான், குட்டையாக, உருண்டையாக, எதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவள். இந்த உடுப்பு போடுகிற பெண்கள் ஊருக்குள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் ஒரு தேநீர்க் கடை மாடியில் கூடப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து இருவரும் தரையில் கால் பாவாமல் திரிந்தார்கள். அந்த உலகத்தில் இரட்டை உடுப்பு என்று ஒரு வழக்கம். இரண்டு சிநேகிதிகள் ஒரே வெட்டில் இரண்டு நிறத்தில் தைத்துப் போட்டு, ஜோடியாகப் போவது. சின்னவளுக்கு நீலம், பொத்தானுக்கு அரக்குச் சிவப்பு. சின்னவளின் தலை முடிச்சு பொத்தானின் சிவப்புத் துணியில், பொத்தானின் முடிச்சு சின்னவளின் நீலத் துணியில். நீலத்தில் மிஞ்சிய கடைசித் துண்டும் அந்த முடிச்சுக்கே போய்விட்டது.

கூட்டத்துக்கு முந்தின வாரம், விடுமுறை நாள். சின்னவள் நீலக் கவுனை எடுத்துக்கொண்டு வந்து அண்ணி முன்னால் நின்றாள்.

"அண்ணி, உள்ள ஓரம் பிசிறு பிசிறா வருது. உங்க மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டித் தர்றீங்களா? என் மெஷின்ல செஞ்சா அசிங்கமா இருக்கு."

கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு பழைய ஓவர்லாக் அண்ணியிடம் இருந்தது. ஜன்னலோரம் கிடக்கும்.

"இதுக்கு மட்டும் அண்ணி வேணும்."

"எஞ்சின் ஓடுற வேகத்துக்கு ஒரு நிமிஷ வேலை. ப்ளீஸ் அண்ணி. நான் போய் பொத்தானைக் கூட்டிட்டு வந்துடறேன். இன்னைக்கு லேஸ் வெச்சு முடிச்சுடுவோம்."

சின்னவள் போனாள். அண்ணி கவுனை மடியில் போட்டாள். கனமாக இருந்தது. பருத்தித் துணிதான், ஆனால் நல்ல நெசவு, தொட்டால் குளுகுளுவென்றிருந்தது. இடுப்பிலிருந்து சுருக்கு வைத்து இறக்கியிருந்தாள். ஒவ்வொரு சுருக்கும் அளந்து வைத்ததுபோல். முன்பக்கம் நெஞ்சிலிருந்து கீழ்வரை மெல்லிய மடிப்புகள். கையால் வைத்த மடிப்புகள். கம்பெனியில் இப்படி ஒன்றைத் தைக்கச் சொன்னால் சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொள்வான். நன்றாகத்தான் தைத்திருக்கிறாள் முண்டம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு சந்தோஷமாக வரவில்லை. எரிச்சலாக வந்தது.

பக்கத் தையலை ஊசியின் கீழே வைத்து மிதியை அழுத்தினாள். மெஷின் சீறியது. மிச்சத் துணியெல்லாம் இடது கைப்பக்கம் மலைபோல் குவிந்து கிடந்தது. கால்சட்டை இப்படிக் குவியாது, தட்டையாகக் கிடக்கும். இது உப்பலுக்கென்றே வெட்டிய துணி, நழுவும், சரியும், வேண்டாத இடத்தில் போய்ப் படுக்கும். இவளுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது விரலின் கீழே துணி ஒரு மடி தடித்தது. விரலுக்குத் தெரிந்தது. சத்தமும் மாறியது. சீறல் போய் ஒரு கரகரப்பு. கால் மிதியிலிருந்து எழவில்லை.

கால் எழுந்தபோது முடிந்துவிட்டிருந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம், மடிப்புகளுக்குச் சற்றுக் கீழே, துணி மடங்கி அடியில் போய்ப் பக்கத் தையலோடு சேர்ந்து சிக்கியிருந்தது. கத்தி அதையும் சேர்த்துச் சீவி, நூல் அதையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. கழிவுப் பெட்டியில் நீலமாக ஒரு சிறு துணுக்கு கிடந்தது.

அண்ணிக்கு முதலில் தோன்றியது கவுன் இல்லை. மாதக்கணக்கில் பொம்மை பொம்மை என்று கேலி பேசிய வாய்தான் தோன்றியது. இப்போது போய், கை தவறிவிட்டது என்றால் எவள் நம்புவாள்?

ஓவர்லாக் தையலைப் பிரிப்பது அவளுக்குக் கை வந்த வேலை. ஊசி நூலை மட்டும் பிடித்து இழுத்தால் மற்ற நூல்கள் தானாகக் கழன்று வந்துவிடும். இழுத்தாள். முன்பக்கத் துணி விடுபட்டது. அதில் இலை வடிவத்தில் ஓர் ஓட்டை. ஓட்டையின் ஓரமாக ஊசி போன சிறு சிறு பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. நகத்தால் தேய்த்துத் தேய்த்து அவற்றை அடைத்தாள். பக்கத் தையலைத் திரும்ப, இந்தமுறை கண்ணால் பார்த்து, மெதுவாக ஓட்டினாள். நீலத் துணுக்கைக் காய்கறித் தோல்களுக்கு அடியில் தள்ளினாள். கவுனை ஓட்டை உள்ளே போகும்படி மடித்துக் கட்டிலில் வைத்தாள். கை நடுங்கவில்லை. அதுதான் பிறகு அவளுக்குப் பயமாக இருந்தது.

சின்னவளும் பொத்தானும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தரையில் உட்கார்ந்து கீழோரத்துக்கு லேஸ் வைத்தார்கள். அண்ணி அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் குளிக்கப் போனாள். பொத்தான் மட்டும் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் தொங்குகிற நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் ஈரத் தலையோடு வந்து கவுனைத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக வந்தது.

"என்னடி இது?"

பொத்தான் நிமிர்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி பண்ணே? நூலை வெட்டச் சொன்னா துணியை வெட்டி வெச்சிருக்கே!"

"நான் வெட்டலைடி."

"பின்ன யாரு, பேயா வந்து வெட்டுச்சு? கத்தரி உன் கையிலதானே இருக்கு!"

"கத்தரியால வெட்டினா நேரா கோடு மாதிரி விழும். இது அப்படி இல்ல, பாரு" என்று பொத்தான் துணியை வாங்கினாள். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலோரம் இருந்த மெஷினைப் பார்த்தாள். அப்புறம் அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணி வாயைத் திறந்தாள். வந்தது வேறு வார்த்தை.

"விடு. பாவம், அவளும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. கை வழுக்கியிருக்கும்."

பொத்தான் கத்தரியைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். "நான் வரேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். செருப்பு மாட்டிக்கொண்டு போனாள். சின்னவள் கவுனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கையைத் திரும்ப எடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

அந்த வாரம் எஞ்சின் ஓடவில்லை. துணியைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். அவளுக்கு முன்னால் கால்சட்டைகள் குவிந்தன. அவளிடமிருந்து துணி வராமல் கை சும்மா இருந்த அடுத்த மெஷின்காரி, "என்னக்கா, எஞ்சின் படுத்துடுச்சா? டீசல் தீந்துபோச்சா?" என்றாள். சூப்பர்வைசர் வந்து நின்று, "வீட்டு நினைப்பை வாசல்லயே விட்டுட்டு வாம்மா" என்றான். ஓரிடத்தில் துணி தடித்ததுபோல் தோன்ற, காலை வெடுக்கென்று எடுத்தாள். ஒன்றும் இல்லை. நூல் முடிச்சுதான். கால் எவ்வளவு லேசாக எழுந்தது என்று பார்த்தாள். அன்றைக்கு ஏன் எழவில்லை?

வீட்டில் சின்னவள் அவளிடம் ஒட்டிக்கொண்டாள். அதுதான் தாங்கமுடியவில்லை. முன்பெல்லாம் வாய்க்கு வாய் பேசுகிறவள், இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

"நீங்க கேலி பண்ணாலும் மனசுல ஒண்ணும் வெச்சுக்கறதில்லை அண்ணி. அவ பாருங்க, கூடவே இருந்து செஞ்சவ, ஒரு மன்னிப்பு கேக்கல. ஃபோன் பண்ணா எடுக்கவும் இல்ல."

"நீ திட்டினியே."

"திட்டுவேன்தான். ஆமாடி கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கொன்னா போட்டுடுவேன்? ஒத்துக்கலைங்கறதுதான் அண்ணி வலிக்குது. துணி போனா போகுது."

அண்ணி வெங்காயத்தைச் சாக்கிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"கூட்டத்துக்கு?"

"போகல. இரட்டை உடுப்புக்கு ஒத்தையா போய் என்ன பண்ண?"

மறுநாள் சாயங்காலம் கம்பெனி வாசலில் பொத்தான் நின்றுகொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து பெண்கள் நூல் தூசியோடு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவளைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்தாள். ஆனால் கால் நின்றுவிட்டது.

"அக்கா" என்று பொத்தான் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "நீலத் துணி. என் தலை முடிச்சைப் பிரிச்சுட்டேன். இஸ்திரி போட்டிருக்கேன், மடிப்புத் தெரியாது. அடியில வெச்சு ஒட்டுப் போட்டுடுங்க. அவகிட்ட நான் கொடுத்ததா சொல்லவேண்டாம். கம்பெனில கிடைச்சதுன்னு சொல்லிடுங்க."

அண்ணி வாங்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"எங்க கடைக்குப் பின்னாடியும் ஒரு ஓவர்லாக் இருக்குக்கா. நான் புதுசுல இதே மாதிரி ஒரு திரைச்சீலையை நாசம் பண்ணியிருக்கேன். இலை மாதிரி விழும். ஓரத்துல பொட்டு இருக்கும். நீங்க தேய்ச்சிருக்கீங்க, ஆனா ரெண்டு மூணு மிச்சம் இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

பொத்தான் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"சொல்லிட்டு நான் என் வீட்டுக்குப் போயிடுவேன். அவ அங்கதானே இருக்கணும்? உங்க சோறு, உங்க கூரை. என்மேல கோவிச்சுக்கிட்டா அவளுக்கு ஒரு சிநேகிதி போச்சு, அவ்வளவுதான். உங்கமேல கோவிச்சுக்கிட்டு அவ எங்க போவா?"

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அண்ணி பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பாள். பொத்தான் பொட்டலத்தை அவள் பையில் திணித்துவிட்டு, "பஸ் வந்துடும்கா" என்று ஓடினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒட்டை நன்றாகப் போட்டுவிடலாம். நூலுக்கு நூல் பொருத்தி, மேலே ஒரு மடிப்பை இறக்கி மூடினால் யாருக்கும் தெரியாது. பொத்தானே துணி அனுப்பினாள் என்று சொன்னால் சின்னவள் உருகிப்போய் ராசியாகிவிடுவாள். எல்லாம் சரியாகிவிடும். யாரும் எதையும் ஒத்துக்கொள்ளவேண்டியதில்லை. கணக்கு அழகாகத்தான் வந்தது. படியேறும்போது அந்த அழகே அவளுக்குக் குமட்டியது.

சின்னவள் உள்ளே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வலைப் பாவாடை மூலையில் தானாக உட்கார்ந்திருந்தது. அண்ணி பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"அவ வெட்டல. நான்தான்."

"என்னது?"

"கவுன். ஓவர்லாக்ல சிக்கிடுச்சு. நூலைப் பிரிச்சு, மடிச்சு வெச்சுட்டேன். அவ வர்றதுக்கு முன்னாலயே ஓட்டை இருந்துச்சு."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"நான் அழுதப்ப முதுகைத் தடவினீங்களே."

"ஆமா."

"கை வழுக்கியிருக்கும்னு சொன்னீங்களே. அவளுக்காகப் பரிஞ்சு பேசறீங்கன்னு நினைச்சேன்."

"ஆமா."

"அவளுக்கு இது தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். உனக்கு இங்க கஷ்டம் வரக்கூடாதுன்னு வாயைத் திறக்கல. இதை அவதான் கொடுத்தா." பொட்டலத்தை நீட்டினாள். சின்னவள் பிரித்துப் பார்த்தாள். இஸ்திரி போட்ட நீலத் துணியை வெறித்துக்கொண்டு நின்றாள். முடிச்சாக இருந்தபோது விழுந்த சுருக்கத்தின் தடம் எவ்வளவு இஸ்திரி போட்டும் முழுக்கப் போகவில்லை.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வேணும்னே செஞ்சீங்களா?"

இதற்கு ஒரு வார்த்தைதான் பதில். சீச்சீ, இல்லடி. உடனே சொல்லியிருக்கவேண்டும். அண்ணிக்கு விரலின் கீழ் தடித்த துணி ஞாபகம் வந்தது. மாறின சத்தம் ஞாபகம் வந்தது. எழாத கால் ஞாபகம் வந்தது. அதற்குள் நேரம் போய்விட்டது.

"தெரியல" என்றாள். "துணி மடங்கறது விரலுக்குத் தெரிஞ்சுது. காலை எடுத்திருக்கலாம். எடுக்கல. ஏன்னு எனக்கே தெரியலடி."

சின்னவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. ஒரு பெரிய பையை எடுத்து கவுனை வைத்தாள், நீலத் துண்டை வைத்தாள், காலுறை, லேஸ் பட்டை, சிவப்புத் தலை முடிச்சு எல்லாவற்றையும் வைத்தாள். வலைப் பாவாடை பைக்குள் அடங்க மறுத்துத் துள்ளியது. அண்ணி உதவ ஓரடி எடுத்துவைத்தாள்.

"வேண்டாம், விடுங்க."

"நான் ஒட்டுப் போட்டுத் தரவா? கையாலயே போடறேன். மெஷின்ல வைக்கமாட்டேன்."

"நாங்களே போட்டுக்கறோம்."

"திரும்பி வர மாட்டியா?"

"வருவேன். வேற எங்க போறது? இதுதானே வீடு." வாசலில் நின்று செருப்பைத் தேடிக் காலை விட்டாள். "ஆனா என்கிட்ட கொஞ்ச நாளைக்குப் பேசாதீங்க அண்ணி. பொம்மைன்னுகூடச் சொல்லாதீங்க."

அவள் பையைக் கட்டிக்கொண்டு படியிறங்குகிற சத்தம் கேட்டது. வலைத்துணி சுவரில் உரசிக்கொண்டே போனது.

புருஷன் வந்தபோது அடுப்பு பற்றவைக்கவில்லை. அவன் கைலியை மாற்றிக்கொண்டே, "சின்னவ எங்க?" என்றான். அண்ணி சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. கத்தி, நூல், காய்கறித் தோல், முதுகைத் தடவியது, எதையும் விடவில்லை.

அவன் முதலில் கண்ணைச் சுருக்கினான். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டான்.

"அட, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருக்கே? ஒரு வாரமா வீடே சாவு வீடு மாதிரி கிடக்கு, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். துணிதானே! நாளைக்கே சரியாயிடுவா. போ, சோத்தை வை."

மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கையை நீட்டினால் போதும். கூடச் சேர்ந்து சிரித்தால், ஆமாங்க, துணிதானே என்றால், அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கலாம்.

"சிரிக்காதீங்க" என்றாள்.